சிரிப்பு வைத்து வாசித்த வரி

இந்தக் குரலைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வர முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். செருப்பைப் போல வாசலில் விட்டுவிட்டு வரலாம். கத்தரிக்காயை விரலால் காட்டலாம், எடையையும் விரலாலேயே சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால்தானே கண்டுபிடிக்கிறார்கள்.

கலையரசி வாயைத் திறந்தாள். "கால் கிலோ போடுங்க."

முறத்தில் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த காய்க்காரி சட்டென்று நிமிர்ந்தாள். "அட, மைக்கம்மாவா! இன்னாம்மா, வானம் இப்படி மூடிக்கிட்டு நிக்குது. அச்சப்படத் தேவையில்லையா?"

பக்கத்தில் தேங்காய் விற்பவன் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டான். "பொதுமக்கள் கவனத்திற்கு! கத்தரிக்காயில புழு இருக்குது. அச்சப்படத் தேவையில்லை!"

வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். கலையரசியும் சிரிப்பது போல உதட்டை இழுத்தாள். இந்த ஒரு வருடத்தில் அதுவும் பழகிவிட்டது.

பதினான்கு வருடமாகக் குரல் கொடுப்பதுதான் அவள் வேலை. சினிமாவுக்கும் டிவிக்கும் இல்லை. ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்களே, அதற்கு. ஆடித் தள்ளுபடி, மாசி மகத் தீர்த்தவாரி, இலவசக் கண் பரிசோதனை முகாம், வீட்டு வரி கட்டக் கடைசித் தேதி, தண்ணீர் வராத நாள். புதுச்சேரியில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் தெரியும், முகம் தெரியாது. அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

தாள்கள் மாறிக்கொண்டே வந்ததை அவள் கவனித்திருந்தாள். முன்பெல்லாம் மழை அறிவிப்பு ஐப்பசியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று வரும். இப்போது எந்த மாதத்தில் வரும் என்று சொல்ல முடியவில்லை. சித்திரையில் வெயிலுக்கென்று ஒரு தாள் வர ஆரம்பித்தது. முதல் வருடம் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே வரவேண்டாம் என்று இருந்தது, இந்த வருடம் பதினொன்றிலிருந்து நான்கு வரை. மீனவர்கள் இருக்கும் குருசுக்குப்பத்துக்கென்று தனியாகக் கடல் சீற்ற அறிவிப்பு, அதுவும் காற்றே இல்லாத மாதங்களில். தள்ளுபடிகளுக்கு நடுவில் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தவை, இப்போது தள்ளுபடிகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டன.

எந்தத் தாளாக இருந்தாலும் முடிவில் ஒரே வரிதான். 'பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.'

போன நவம்பர் புயலுக்கும் அதைத்தான் வாசித்தாள். சனிக்கிழமை மதியம் ஆட்டோக்கள் ஊர் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு போயின. ஞாயிறு விடிந்தபோது ஊரில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வரி ஊரின் சொத்தாகிவிட்டது. ஆட்டோ பிரேக் பிடிக்கவில்லை என்றால் டிரைவர் அதைச் சொன்னான். குழம்பு தீய்ந்தால் வீட்டில் அதைச் சொன்னார்கள். ஜனங்கள் இப்படிச் சிரித்துத்தான் அதைத் தாண்டினார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. சிரிக்க முடியாத ஒருத்தி அவளுடைய எதிர்வீட்டில் இருந்தாள்.

உப்பனாற்று வாய்க்காலை ஒட்டிய அந்தத் தெருவில் கலையரசி முதல் மாடியில் குடியிருந்தாள். எதிரே மாடி இல்லாத வீட்டில் பாக்கியலட்சுமி. அவள் கணவன் நாகராஜுக்கு ஐந்து வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அந்தச் சனிக்கிழமை பாக்கியலட்சுமி பையில் துணி எடுத்து வைத்து, காலாப்பட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக ஆட்டோவுக்கும் சொல்லிவிட்டாள். வாசலுக்கு வந்தபோது தெருமுனையில் அறிவிப்பு வண்டி திரும்பியது. நின்று கேட்டாள். பிறகு மேலே பால்கனியைப் பார்த்து, "நம்ம கலையே சொல்லிட்டா, அப்புறம் இன்னா!" என்று சிரித்துவிட்டுப் பையைத் திரும்ப உள்ளே கொண்டு போனாள். கலையரசி அப்போது பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கை அசைத்ததாகக்கூட ஞாபகம்.

தண்ணீர் இருட்டில் வந்தது. மின்சாரம் இல்லை. பாக்கியலட்சுமியும் மகள் தேவிப்பிரியாவும் நாகராஜைத் தூக்கிச் சமையல் மேடையில் உட்கார வைத்தார்கள். பிடி விட்டால் அவர் சாய்ந்துவிடுவார். பாக்கியலட்சுமி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆறு மணி நேரம் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள். காலையில் ரப்பர் படகு வந்தது. மூன்று பேரும் பிழைத்தார்கள். நாகராஜ் மேடையிலிருந்து இறங்கிவிட்டார். தேவிப்பிரியாவும் இறங்கிவிட்டாள். பாக்கியலட்சுமி மட்டும் இன்னும் அந்தத் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

காய்ப் பையோடு கலையரசி தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்க்காமல் படியேறிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டு உள்ளே போனாள்.

கூடம் காலியாக இருந்தது. பிரிட்ஜ் மேசை மேல். மேசை செங்கல் மேல். மெத்தை, அரிசி டிரம், தையல் மெஷின் எல்லாம் பரணிலும் அலமாரி உச்சியிலும் நெருக்கிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரே ஒரு நாற்காலி, அதில் நாகராஜ். கல்யாணம் முடிந்து காலியான மண்டபத்தில் மறந்து விட்டுவிட்டுப் போன மாமாவைப் போல இருந்தார்.

"வா கலையரசி. உக்காருன்னு சொல்ல நாற்காலி இல்ல. கேப்டன் எல்லாத்தையும் மேல்தளத்துக்கு ஏத்திட்டாங்க. கப்பல் எப்பக் கிளம்பும்னுதான் தெரியல."

"சும்மா இருங்க." ஸ்டூல் மேல் நின்றுகொண்டு ஒரு டிரங்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்த பாக்கியலட்சுமி திரும்பாமலே கேட்டாள். "கலை, வரும்போது வாய்க்காலப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. தண்ணி பாலத்துக்கு நாலடி கீழதான் இருக்குது."

"நேத்து சாயந்திரம் அஞ்சடி."

ராத்திரி ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது, அதில் ஏறியிருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சுவரில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், போன வருடத் தண்ணீர் விட்டுப் போன பழுப்புக் கோடு. அதன்மேல் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் அது மறையவில்லை. பாக்கியலட்சுமி அந்த உயரமான ஸ்டூலில் ஏறினால் அவள் பாதம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. அவள் எப்போதும் ஸ்டூலில்தான் இருந்தாள்.

தேவிப்பிரியா கலையரசியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் மாத்திரை பேக்கிங் வேலை. பத்து மணி ஷிப்டுக்கு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அத்த, அம்மா மூணு நாளா குளிக்கல. குளிச்சிக்கினு இருக்கும்போது தண்ணி வந்துட்டா அப்பாவ யாரு புடிக்கறதுன்னு கேக்குது. வானம் கறுத்தாலே இப்படித்தான். மாத்திரை போட்டாத் தூங்கிடுவேன்னு மாத்திரையும் போட மாட்டேங்குது."

"டாக்டரைப் பாத்தீங்களே?"

"பாத்தோம். நீங்க ரொம்ப நம்புற ஒருத்தர் பக்கத்துல இருந்து தைரியம் சொன்னா நல்லா இருக்கும்னாங்க. யாரம்மா நம்புறீங்கன்னு கேட்டாங்க." தேவிப்பிரியா உள்ளே ஸ்டூல் பக்கம் பார்த்தாள். "உங்க பேரத்தான் சொல்லுச்சு."

கலையரசி காய்ப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். பாக்கியலட்சுமி திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த ஒரு வருடமும் அந்தத் திட்டுக்காகத்தான் காத்திருந்தாள். அது வராததால்தான் இந்த வீட்டு வாசலைக் குனிந்த தலையோடு கடந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு ஷிப்டுக்குப் போவணும் அத்த. நீங்களும் நாள் முழுக்க இங்க இருக்க முடியாது. ஒண்ணு பண்ணுங்க. என் போன்ல ரெண்டு வரி பேசிக் குடுங்க. 'அக்கா, ஒண்ணும் ஆவாது, பயப்படாதே'ன்னு. உங்க மைக் குரல்ல. அம்மா போன்ல போட்டுடறேன். பயம் வரும்போதெல்லாம் போட்டுக் கேக்கட்டும்."

"சாயந்திரம் பாக்கலாம்மா. ஸ்டுடியோவுல கூப்பிட்டிருக்காங்க."

"மறந்துடாதீங்க அத்த. எனக்கும் முடியல." கடைசி வார்த்தை உடைந்தது. அவள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்டுடியோ, முத்தியால்பேட்டையில் சொல்தா லெயோன் வீட்டு மாடியில் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை அந்தத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். எண்பது வயதிலும் காலையில் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கேட்டருகே நிற்பார். கலையரசியைக் கண்டதும் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்.

"மதாம்! அச்சப்படத் தேவையில்லையா?"

"தெரியல ஐயா."

வழக்கமாக அவள் சிரித்துவிட்டு மேலே போய்விடுவாள். இன்று பதில் வந்ததும் கிழவருடைய கை தானாகக் கீழே இறங்கியது. "நானும் என் பென்ஷன் பேப்பரையெல்லாம் மாடிக்கு ஏத்திட்டேன்" என்றார், ஏதோ தப்பு செய்தவரைப் போல.

பிரேம்குமார் கம்ப்யூட்டர் முன்னால் டீயும் வடையுமாக உட்கார்ந்திருந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை, ஒரு மைக், ஒரு ஸ்டூல். கலையரசி தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கனமழைக்கு வாய்ப்பு, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம், மின்கம்பங்களைத் தொட வேண்டாம். தண்ணீர் ஓடுவது போல வாசித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிக்கு வந்தாள்.

"பொதுமக்கள்" என்றாள். நின்றாள்.

"அக்கா, தண்ணி குடிச்சிட்டு வாங்க."

குடித்தாள். மறுபடி "பொதுமக்கள்". மறுபடி நின்றாள். நான்காவது தடவையில் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வரி இல்லாம முடிச்சிக்கலாமா பிரேம்?"

பிரேம்குமார் போனை எடுத்தான். அரசு அறிவிப்புகளை எழுதித் தரும் சந்திரமோகன் ஸ்பீக்கரில் வந்தார். இருபது வருடமாக இந்தத் தாள்களை எழுதுகிறவர். கெட்டவர் இல்லை. புயல் வந்தால் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் மேசையிலேயே படுப்பவர்.

"இன்னாம்மா பிரச்சின?"

"சார், அந்தக் கடைசி வரிக்கு பதிலா, 'தாழ்வான தெருவுல இருக்கறவங்க வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிடுங்க'ன்னு வாசிச்சிடட்டுமா?"

"அதுக்குத் தனியா உத்தரவு வரணும்மா. வந்தா நானே எழுதித் தர்றேன். இப்ப வந்திருக்கறது இதுதான். அதோட, பீதி கிளப்பக் கூடாது. பயந்தா ஜனங்க என்ன பண்ணும் தெரியுமா? ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிக்கினு ஓடும். நான் பாத்திருக்கேன்."

"உங்க வீட்டு மோட்டார் கீழ இருக்குதா சார்?"

அங்கே யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"நேத்தே மாடிக்கு ஏத்திட்டேன்" என்றார் சந்திரமோகன். "அது வேறம்மா. அது நான். இது ஆபீஸ்." குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "பதினோரு மணிக்குள்ள வண்டிங்க கிளம்பணும். பாத்து முடிங்க."

பிரேம்குமார் போனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நீங்க கஷ்டப்படாதீங்கக்கா. போன வருஷ பைல்ல அந்த வரி அப்படியே இருக்குது. வெட்டி இதுல ஒட்டிடறேன். ஒரே குரல்தானே, யாருக்கும் தெரியாது."

அவள் எதுவும் சொல்வதற்குள் அவன் விரல் அழுத்திவிட்டது. அறையின் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு வருடத்துக்கு முந்தைய கலையரசி பேசினாள்.

'பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.'

இந்த ஒரு வருடமும் வண்டிச் சத்தம் கேட்டாலே அது காதில் விழாதபடி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டவள் அவள். இன்று ஓட இடமில்லை. கேட்டாள். என்ன அழகான குரல்! 'தேவையில்லை' என்கிற இடத்தில் குரல் லேசாக விரிந்தது. குழந்தையைத் தட்டிக் கொடுக்கிறவள் இருட்டில் தனக்குள் சிரித்துக்கொள்வாளே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு. எல்லாம் தெரிந்தவளின் சிரிப்பு. இதைக் கேட்டால் யார்தான் பையைக் கீழே வைக்க மாட்டார்கள்?

"இன்னொரு தடவை போடு."

போட்டான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்கும் மூன்று டேக் ஆகியிருந்தது. குரல் வறட்சியாக இருக்கிறது, 'கடைசி லைன்ல ஒரு சிரிப்பு வைங்கக்கா' என்று பிரேம்குமார் சொல்லிக்கொண்டே இருந்தான். நான்காவது டேக்கில் அவள் 'பொதுமக்கள்' என்று ஆரம்பித்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கையிலிருந்த வடை நழுவி டீ டம்ளருக்குள் விழுந்தது. அவன் இரண்டு விரலால் அதை மீட்கப் பார்த்தான். வடை இரண்டாக உடைந்து மூழ்கியது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டே வரியை முடித்தாள். 'சூப்பர்க்கா, இதுதான்!' என்று கட்டைவிரலைத் தூக்கினான்.

புயல் எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. தாளில் இருந்ததை வாசித்தாள். பாக்கியலட்சுமி நம்பியது தாளில் இருந்ததை அல்லவே, அந்தச் சிரிப்பைத்தானே.

"இதை ஒட்டாத பிரேம்."

"அக்கா..."

"ஒட்டாத. அழிச்சிடுன்னு சொல்லல. ஒட்டாத, அவ்வளவுதான். என் குரல் அந்த வரியச் சொல்லக் கூடாது."

அவன் மௌஸிலிருந்து கையை எடுத்தான். இந்த வேலை கைவிட்டுப் போனால் அவளுக்கு வேறு வேலை இல்லை என்பது அவனுக்கும் தெரியும். "அப்ப முழுசையும் புதுசா வந்திருக்கற பொண்ணு கவிநிலாவ வச்சி எடுத்துக்கறேன். கோச்சுக்கக் கூடாது."

"கோவமில்ல. எடுத்துக்க."

வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைச் சாலைக்குப் போனாள். பாறைகளின் மேல் அலை சலிப்பில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஈரம். மழை இன்னும் தொடங்கவில்லை. இரண்டு வாலிபர்கள் கறுத்த வானத்தைப் பின்னால் வைத்துச் செல்பி எடுத்தார்கள்.

ஒரு வரியைச் சொல்லவில்லை. அதனால் என்ன ஆகிவிட்டது? கவிநிலா சொல்வாள். நல்ல குரல் அவளுக்கு. ஊரும் மழையும் தம்பாட்டுக்கு நடக்கும். மனது கொஞ்சமாவது லேசாகும் என்று நினைத்தாள். லேசாகவில்லை. ஆபீசுக்கு மாட்டேன் என்று சொல்வது எளிதாகத்தான் இருந்தது. தேவிப்பிரியாவின் போன் அவள் முன்னால் இன்னும் நீண்டுகொண்டேயிருந்தது.

பாக்கியலட்சுமியின் பயத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது வியாதிதான். மூன்று நாள் குளிக்காமல் ஸ்டூலில் நிற்பது வியாதி இல்லாமல் வேறென்ன? ஆனால் வாய்க்கால் பாலத்துக்கு நாலடி கீழே இருப்பதும் நிஜம். மாத்திரை கொடுத்துப் பயத்தைக் குறைக்கலாம். வாய்க்காலைக் குறைக்க மாத்திரை இல்லை. இதில் எங்கே வியாதி முடிந்து எங்கே புத்தி தொடங்குகிறது என்று கோடு கிழிக்க அவளுக்குத் தெரியவில்லை.

தனக்கு வந்திருப்பதற்கோ பெயரே இல்லை. போன மாதம் விழுப்புரத்திலிருந்து அம்மா போன் செய்தாள். கண் ஆபரேஷனுக்குப் பயமாயிருக்கிறது என்றாள். 'எல்லாம் சரியாயிடும்மா' என்று சொன்னால் முடிந்தது. எல்லாரும் சொல்வதுதான். கலையரசியால் சொல்ல முடியவில்லை. 'டாக்டர் இன்னா சொன்னாரு? எந்தக் கண்ணு?' என்று கேட்டுக்கொண்டே போனாள். அம்மா கடைசியில், 'ஏண்டி, நீ நல்லா இருக்கியா?' என்றாள்.

ஆறுதல் சொல்லும் வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவளிடமிருந்து கழன்று போய்விட்டன. அதைவிட வெட்கமான ஒன்றும் இருந்தது. எதிரே முதல் மாடி. இருபது படி. இந்த வருடம் எத்தனை தடவை வானம் கறுத்தது, ஒரு தடவையாவது அவர்களை மேலே வந்து இருக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் கூடத்தில் பாக்கியலட்சுமி உட்கார்ந்து தன்னை நம்பிக்கையோடு பார்ப்பதை அவளால் தாங்க முடியாது. அதனால்தான்.

முதல் துளி கையில் விழுந்தபோது எழுந்தாள்.

தெருவுக்கு வரும்போது மணி மூன்றரை. தூறல் வலுத்திருந்தது. வழியில் வாய்க்கால் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். எதிர்வீட்டுக்குள் நுழையும்போதே பின்னால் அறிவிப்பு வண்டி தெருவுக்குள் திரும்பியது. மூவரும் கேட்டார்கள். இளங்குரல், தெளிவாக, பிசிறில்லாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, அந்த வரியையும் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனது.

"இது உன் கொரல் இல்லியே" என்றாள் பாக்கியலட்சுமி, ஸ்டூலின் மேலிருந்து.

"இல்லக்கா."

"ஏன், தொண்ட கட்டிக்கிச்சா?"

"நல்லாத்தான் இருக்கேன். வாசிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பாக்கியலட்சுமியின் முகம் வெளுத்தது. "அப்ப தண்ணி வருதா? உனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. போன வருஷமும் தெரியாது. அதத்தான் சொல்ல வந்தேன்." கலையரசி சுவரின் பழுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு அந்த வரிய வாசிக்கும்போது நான் சிரிச்சேன். நீ அதக் கேட்டுட்டுத்தான் பைய உள்ள வச்ச. அந்தச் சிரிப்பு உனக்காக வந்தது இல்லக்கா. பிரேமோட வட டீக்குள்ள விழுந்துடுச்சி. அதப் பாத்துச் சிரிச்சேன்."

ஸ்டூலின் மேலிருந்தவள் முழுதாக அவள் பக்கம் திரும்பினாள்.

"வடைக்கா?" என்றாள் பாக்கியலட்சுமி.

"வடைக்குத்தான்."

முதலில் நாகராஜின் தோள் குலுங்கியது. பிறகு பாதி வாயால் அவர் சிரித்த சிரிப்பு காலிக் கூடமெல்லாம் எதிரொலித்தது. "அடிப்பாவி! ஒரு வடைக்கா எங்கள ஆறு மணி நேரம் ஊற வச்ச? மெதுவடையா, மசால்வடையா?"

"மசால்வடை மாமா" என்றாள் கலையரசி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பாக்கியலட்சுமி சிரிக்கவில்லை. மெதுவாக ஸ்டூலிலிருந்து கீழே இறங்கினாள். ஈரம் தேடுவது போலப் பாதத்தால் தரையைத் தடவிப் பார்த்தாள். கிட்டே வந்து கலையரசியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். திட்டு வரப்போகிறது என்று கலையரசி நினைத்தாள். வரட்டும் என்று நின்றாள்.

"சரி. அது போவட்டும்" என்றாள் பாக்கியலட்சுமி. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். "தேவி சொல்லிட்டுப் போச்சு, நீ பேசிக் குடுப்பன்னு. இப்ப சிரிக்காம சொல்லு. ஒண்ணும் ஆவாதுக்கான்னு. ஊருக்கு வேணாம், எனக்கு மட்டும். அது ஒண்ணு இருந்தா நான் இன்னிக்குக் குளிச்சிடுவேன் கலை. தூங்கிடுவேன்."

போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது. வினாடிகள் ஓட ஆரம்பித்தன. நீட்டிய கையின் நகங்களில் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

சொல்லிவிடலாம். இரண்டே சொல். இவள் குளிப்பாள், தூங்குவாள், தேவிப்பிரியா நிம்மதியாக வேலைக்குப் போவாள். யார் கேட்டாலும் சொல் என்றுதான் சொல்வார்கள். குரல் தொண்டை வரைக்கும் வந்து தயாராக நின்றது. பதினான்கு வருடப் பழக்கம். சிரிப்பைக்கூட அது தானாகவே வைத்துக்கொள்ளும்.

"வாய்க்கால் இப்ப மூணரை அடி கீழ இருக்குதுக்கா" என்றாள் கலையரசி. "பாத்துட்டுத்தான் வர்றேன். மணிக்கு ஒரு தடவ நான் போய்ப் பாத்துட்டு வந்து எவ்ளோன்னு உள்ளபடி சொல்றேன். நீ போக வேணாம். மாமாவ இப்பவே, வெளிச்சத்துலயே, எங்க வீட்டு மாடிக்குத் தூக்கிடலாம். எங்க ஸ்டுடியோ வீட்டு லெயோன் ஐயாவோட டிரைவரையும் பக்கத்து வீட்டு ஹரிகிருஷ்ணனையும் கூப்புடறேன். நீ அங்க வந்து குளி. நான் மாமாவப் புடிச்சிக்கறேன்."

"வர்றேன். வந்துடறேன்." பாக்கியலட்சுமி போனை இன்னும் கிட்டே கொண்டு வந்தாள். "அத மட்டும் சொல்லிடு."

"அது முடியாதுக்கா."

"ஒரே ஒரு தடவ கலை."

கலையரசி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலால் சிவப்புப் புள்ளியைத் தொட்டு அணைத்தாள்.

"மாட்டேன்க்கா" என்றாள், மைக் முன்னால் ஒருபோதும் பேசாத குரலில்.